அங்கீகாரம் பெற்ற முப்பத்தொரு டிகிரி

தணிக்கையாளர் இரண்டாம் எண் அடுப்பின் முன்னால் நின்று, "இது இருநூறு டிகிரின்னு யார் சொன்னா?" என்று கேட்டார். அப்போது மில்லி செய்த தவறு, உண்மையைச் சொன்னது.

"பாதரசம் அண்ணன் சொன்னாரு, சார்."

பிஸ்கட் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் அவள் சேர்ந்து இரண்டு வருடம் முடியப் போகிறது. பேச்சு அதிகம் வராது. வருவதும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதனால் அடுப்புப் பகுதியில் அவளுக்கு மில்லி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு ஒரே மூச்சில் நான்கு வார்த்தை பேசியதற்கு அவள் ஒரு மாதம் அனுபவிக்க வேண்டியிருந்தது.

"பாதரசம்னா யாரு?" என்றார் தணிக்கையாளர்.

பக்கத்தில் நின்ற தரக் கட்டுப்பாட்டு மேலாளர் முந்திக்கொண்டார். "காலிபரேஷன் பண்ற சப்ளையர் சார். அளக்கற கருவி சரியா காட்டுதான்னு பாத்துக் குடுப்பாரு."

"அவருக்கு அக்ரெடிட்டேஷன் இருக்கா?"

அளப்பதற்கு முறையான அங்கீகாரம் வாங்கியிருக்கிறாரா என்று கேள்வி. மேலாளர் மில்லியைப் பார்த்தார். மில்லி அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாதரசம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கூட்டரில் வருவார். பின் இருக்கையில் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு பெட்டி கட்டியிருக்கும். அந்தப் பெட்டிக்கு இடம் வேண்டும் என்பதற்காக அவர் மனைவி எங்கே போவதானாலும் பஸ்ஸில்தான் போவாள். பெட்டிக்குள் அவருடைய வெப்பமானி. அதை அடுப்புக்குள் விட்டு, அரை மணி நேரம் யாரோடும் பேசாமல் நிற்பார். பிறகு அரைத்தாளில் எழுதிக் கொடுப்பார். கடைசியாகக் கொடுத்தது இது:

"அடுப்பு 2. மீட்டர் 200 காட்டும்போது உள்ளே 197. மூன்று குறைவு. கம்பியில் மாவு ஒட்டியிருந்தது, துடைத்தேன்."

கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே கைபேசி எண்.

தணிக்கையாளர் அதை இரண்டு முறை படித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார்.

"படிச்சா புரியுது," என்றார்.

"ஆமா சார்."

"அதான் சந்தேகமா இருக்கு."

மில்லி அலமாரியிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். எந்த அளவுக்கும் ஒரு தடம் உண்டு. அடுப்பு காட்டும் இருநூறுக்கு அப்பன் யார், அந்த அப்பனுக்கு அப்பன் யார் என்று கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் நாட்டின் தலைமை அளவைக்கூடத்தில் போய் நிற்க வேண்டும். பாதரசம் தன் வெப்பமானியை வருடம் தவறாமல் அங்கே அனுப்பிச் சரிபார்த்து வாங்கிவருவார். அந்தச் சீட்டின் நகல்தான் அது. அடுப்பு, பாதரசம், தலைமை அளவைக்கூடம்: மூன்றே படி.

"தடம் இருக்கு," என்று தணிக்கையாளர் ஒப்புக்கொண்டார். "ஆனா இவரு ஒழுங்கா அளப்பாருன்னு யார் சொன்னா?"

"அப்போ அக்ரெடிட்டேஷன் கட்டாயமா சார்?" என்றார் மேலாளர்.

"கட்டாயம்னு நான் சொல்லவே இல்லையே. விதியிலயும் அப்படி இல்ல. 'தேவைப்படும் இடத்தில்'னுதான் போட்டிருக்கு. தேவையா இல்லையான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். தப்பா முடிவு பண்ணீங்கன்னா நான் எழுதுவேன்."

"எது சார் சரியான முடிவு?"

"அதை நான் சொன்னா நான் ஆலோசகர் ஆயிடுவேன். நான் தணிக்கையாளர்." அவர் பைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்தார். மஞ்சள் தாள் என்றால் குறை. "சரி, மீட்டரை விடுங்க. பிஸ்கட் வெந்துடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறீங்க?"

இந்தக் கேள்விக்கு மில்லி வாயைத் திறக்கவில்லை. அடுப்புப் பகுதிக்குப் பொறுப்பான அக்கா திறந்துவிட்டாள். இருபது வருடமாக அந்த அடுப்புகளோடு குடித்தனம் நடத்துபவள். அடுப்பு அக்கா என்றால்தான் தெரியும்.

"வாசனை வந்துடும் சார். மூக்குதான்."

"மூக்கு," என்று எழுதிக்கொண்டு, தணிக்கையாளர் இரண்டாவது மஞ்சள் தாளை எடுத்தார்.

இரண்டு தாளிலும் 'பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம் இருந்தது. மேலாளர் சுற்றிப் பார்த்தார். மிக அருகில் நின்றவள் மில்லி.

இருபத்தெட்டாம் தேதி மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு, தணிக்கையாளர் தட்டிலிருந்த ஆறு பிஸ்கட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மில்லியின் தகுதிகாண் காலம் முப்பதாம் தேதி முடிகிறது. அன்றைக்கு அவள் பெயரில் ஒரு மஞ்சள் தாளும் இல்லாவிட்டால் நிரந்தரம். ஒன்று இருந்தாலும் இன்னொரு இரண்டு வருடம் தகுதிகாண் காலம். அவளுக்கு நிரந்தரத்தின் மீது தனியாக ஆசை ஒன்றும் இல்லை. ஆசை ஒரு அறையின் மீது.

அவள் கூடப்பிறந்த அக்கா வீட்டில் இருந்தாள். அக்கா, மாமா, மூன்று பிள்ளைகள். மில்லிக்கு ஃப்ரிட்ஜுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே ஒரு பாய். ஃப்ரிட்ஜ் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பைக் குலுக்கிக்கொள்ளும். அப்போது இவளும் குலுங்குவாள். தெருக்கோடியில் ஒரு மாடி அறை காலியாக இருந்தது. ஜன்னல் உண்டு. உள்ளே தாழ்ப்பாள் உண்டு. அந்த வீட்டுக்கார அம்மாவின் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"பர்மனென்ட் லெட்டர் கொண்டா கண்ணு. போன தடவ இருந்தவன் சீலிங் ஃபேனைக் கழட்டிட்டுப் போயிட்டான். அவன் டெம்பரவரி. மாசக் கடைசி வரைக்கும் வச்சிருக்கேன். அப்புறம் என் கையில இல்ல."

அதனால்தான் தரக் குழு கூடியபோது, கூட்டம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று அங்கிருந்தவர்களில் மனதார விரும்பியவள் மில்லி ஒருத்திதான்.

தரக் குழு என்பது மேலாளர், கொள்முதல் அதிகாரி, பணியாளர் அதிகாரி ஆகிய மூவர். மில்லி குறிப்பெழுத. கூட்ட அறையில் ஏசி இருபத்துநான்கில் இருந்தது. எல்லோருக்கும் பல் தந்தியடித்தது.

"குளிருது," என்றார் கொள்முதல் அதிகாரி.

"அதைச் சொல்ல நமக்கு ஆதாரம் இல்ல," என்றார் மேலாளர். "ரிமோட்ல இருபத்துநாலுன்னு இருக்கு. ரிமோட் காலிபரேட் ஆகல. அதனால இருபத்துநாலு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

"ஆஃப் பண்ணிடலாமா?"

"எந்த அடிப்படையில?"

அடிப்படை கிடைக்காததால் ஏசி ஓடியது. மில்லி குறிப்பேட்டில் 'குளிர்' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டு, 'உறுப்பினர்கள் தோளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தனர்' என்று எழுதினாள். அது நேரில் கண்டது.

முதல் கூட்டத்தில், சப்ளையருக்கு அங்கீகாரம் தேவையா என்று முடிவு செய்ய வேண்டுமா என்று விவாதித்தார்கள். வேண்டும் என்று முடிவானது. இரண்டாம் கூட்டத்தில் 'தேவைப்படும் இடத்தில்' என்பதில் 'இடம்' எது என்று பேசினார்கள். அடுப்பு ஒரு இடமா, பொருளா? கொள்முதல் அதிகாரி பொருள் என்றார். அவர் அதை வாங்கியிருக்கிறார். பணியாளர் அதிகாரி இடம் என்றார். அங்கே ஆட்களை நியமித்திருக்கிறார். மூன்றாம் கூட்டத்தில் பாதரசத்தையே கூப்பிட்டுக் கேட்டார்கள்.

பாதரசம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்க அளக்கறது சரின்னு எப்படித் தெரியும்?" என்றார் மேலாளர்.

"சரியா அளக்கறேன் சார். அதான்."

"அதை யாராவது எழுதிக் குடுத்திருக்காங்களா?"

"சந்தேகமா இருந்தா இப்பவே ஐஸ் கொண்டாரச் சொல்லுங்க. ஐஸ்ல வச்சா பூஜ்யம் காட்டணும். உங்க கண்ணாலயே பாத்துக்கங்க."

"பாத்தா போதாதுங்க. பாத்ததுக்கு சாட்சி வேணும்."

"நீங்க மூணு பேர் இருக்கீங்களே?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாட்சி சொல்லும் தகுதி தங்களுக்கு இருப்பதாக யாரும் எழுதிக் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

"உங்க அரைத்தாள்ல ஒரு முத்திரையாவது போடலாமே," என்றார் கொள்முதல் அதிகாரி கொஞ்சம் இரக்கத்துடன்.

"என்ன முத்திரை?"

"ஏதாவது. உருண்டையா."

பாதரசம் எழுந்து பெட்டியைத் தோளில் மாட்டினார். "மூணு டிகிரின்னு நான் சொன்னா மூணு டிகிரிதான். உருண்டை போட்டா நாலாயிடாது," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே அவர் பெயர் சப்ளையர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில் 'தெளிவாகப் பேசுகிறார்' என்று மேலாளர் எழுதச் சொன்னார்.

அடுத்தது மூக்கு.

மூக்கு பிஸ்கட்டின் தரத்தை முடிவு செய்கிறது. எனவே அது ஒரு அளவீட்டுக் கருவி. கருவி என்றால் எண் வேண்டும். அடுப்பு அக்காவின் மூக்குக்கு மூ-1 என்று எண் கொடுத்தார்கள். மூ-2 இல்லை. ஆனால் பிற்காலத்தில் தொழிற்சாலை விரிவடையலாம்.

"இதை எங்க அனுப்பி காலிபரேட் பண்றது?" என்றார் பணியாளர் அதிகாரி.

"காது மூக்கு தொண்டை டாக்டர்?"

"அவருக்கு அக்ரெடிட்டேஷன் இருக்கா?"

"படிச்சுப் பட்டம் வாங்கியிருக்காரு."

"பட்டம் அவருக்கு. நான் மூக்கைக் கேக்கறேன்."

அனுப்ப இடம் கிடைக்கும்வரை அந்த மூக்கு பயன்பாட்டில் இல்லை என்று தீர்மானமாயிற்று. பயன்பாட்டில் இல்லாத கருவியின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். விதிப்படி ஸ்டிக்கர் கருவியின் மேலேயே இருக்க வேண்டும். ஒட்டப் போனவள் மில்லி.

"அடியே, மூக்குல ஒட்டின, கைய ஒடிச்சுடுவேன்," என்றாள் அடுப்பு அக்கா.

"நான் என்னக்கா பண்ணட்டும்? எனக்கு முப்பதாம் தேதி..."

 அக்கா இடுப்பில் செருகியிருந்த முகக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தைக் காட்டினாள். "இதுமேல ஒட்டித் தொலை. அந்த ரூமுக்குப் போனதும் எனக்கு ஒருநாள் சாப்பாடு போடணும், சொல்லிட்டேன்."

முகக்கவசத்தின் மேல், சரியாக மூக்கு இருக்கும் இடத்தில், 'பயன்பாட்டில் இல்லை' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஏறியது. அன்றிலிருந்து அக்கா எதையும் மோப்பம் பிடிக்கக் கூடாது. தற்செயலாகப் பிடித்துவிட்டால் வெளியே சொல்லக் கூடாது.

ஏழாம் கூட்டத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற காலிபரேஷன் நிறுவனம் வந்தது. வெள்ளை வேனில் மூன்று பேர். ஒருவர் அளப்பவர். ஒருவர் அவர் அளப்பதைப் பார்ப்பவர். மூன்றாமவர் டை கட்டியிருந்தார். இரண்டாமவர் பார்த்ததற்கு அவர் கையெழுத்திடுவார். அடுப்பின் சூட்டை மீட்டருக்குச் சொல்லும் சென்சர் கம்பியின் எண்ணைப் படிவத்தில் நிரப்ப வேண்டியிருந்தது. எண் கம்பியின் அடிமுனையில் பொறித்திருந்தது. அதனால் கம்பியை வெளியே இழுத்தார்கள், எண்ணைப் படித்தார்கள், திரும்ப உள்ளே செருகினார்கள். பிறகு அளந்தார்கள். மில்லி தூரத்தில் நின்று பார்த்தாள். நல்ல கருவிகள், சுத்தமான கைகள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

சான்றிதழ் பதினான்கு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் வெள்ளி முத்திரை. சாய்த்துப் பார்த்தால் வானவில் அடித்தது. மேலாளர் அதை வாங்கி சாய்த்துப் பார்த்தார். கொள்முதல் அதிகாரி சாய்த்துப் பார்த்தார். பணியாளர் அதிகாரி, "நம்ம கல்யாணப் பத்திரிகையே இவ்வளவு நல்லா இல்ல," என்றார். அடுப்பின் மேல் பச்சை ஸ்டிக்கர் ஏறியது.

மறுநாள் காலை முதல் தட்டு வெளியே வந்தபோது அடுப்பு அக்கா மில்லியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"மில்லி, எனக்கு ஒண்ணும் தெரியாது. என் மூக்கு லீவுல இருக்கு. ஆனா கண்ணு எரியுது. கண்ணுக்கு ஸ்டிக்கர் ஒட்டியாச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்போ சொல்லலாம். கருகுது."

கருகவே செய்தது. தட்டு முழுவதும் கரிக்கட்டி வரிசை. மில்லி சோதனைக்கூடத்துக்கு ஓடி, சான்றிதழை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். பத்துப் பக்கத்துக்கு அந்த நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. பதினோராம் பக்கத்தின் நடுவில், சின்ன எழுத்தில், ஒரே ஒரு வரி அடுப்பைப் பற்றி. மீட்டர் 200 காட்டும்போது உள்ளே 231.4.

தட்டையும் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு அவள் மேலாளரின் அறைக்குப் போனாள். மேலாளர் பதினோராம் பக்கத்தை முதன்முறையாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எவ்வளவு துல்லியம் பாத்தியாம்மா? முப்பத்தொண்ணு புள்ளி நாலு. உங்க பாதரசம் என்ன குடுத்தாரு? மூணு. ஒரு புள்ளியாவது வச்சாரா மனுஷன்?"

"சார், பிஸ்கட் கருகுது."

"கருகட்டும்மா. ஆனா எத்தனை டிகிரியில கருகுதுன்னு இன்னிக்கு நம்மால உலகத்துக்கே நிரூபிக்க முடியும். முன்னாடி முடிஞ்சுதா? முன்னாடி நல்லா வந்துது, ஏன் நல்லா வருதுன்னு ஒரு பயலுக்குக் காட்ட முடிஞ்சுதா?"

"மீட்டர் தப்பா காட்டுது சார்."

"தப்புதான். யார் இல்லன்னா? ஆனா அது அங்கீகாரம் வாங்கின தப்பு. அந்தத் தப்புக்கு ஒரு தடம் இருக்கு. நேரா தலைமை அளவைக்கூடம் வரைக்கும் போகுது." மேலாளர் சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டார். "சரியா இருக்கறது யாரால வேணும்னாலும் முடியும்மா. ஆதாரத்தோட தப்பா இருக்கறது நிறுவனத்தால மட்டும்தான் முடியும்."

மில்லிக்கு ஒரு யோசனை இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு அரை நிமிடம் பிடித்தது. "மீட்டரை நூத்தி அறுபத்தொம்பதுல வச்சா உள்ள இருநூறு வந்துடும் சார்."

"செய்முறை ஆவணத்துல இருநூறுன்னு இருக்கே. அதைத் திருத்த ஆவணக் குழு கூடணும். ஆறு வாரம் ஆகும்." மேலாளர் தட்டைப் பார்த்தார். சுவரில் தொங்கிய நிற அட்டையைப் பார்த்தார். சரியாக வெந்த பிஸ்கட் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டும் பொன்னிற அட்டை. "நிற அட்டைக்குக் குழு கிடையாது. அச்சகத்துக்கு ஒரு போன் போட்டா போதும்."

மாலைக்குள் புது அட்டை வந்துவிட்டது. கீழே 'ஆழ்பொன்னிறம்' என்று எழுதியிருந்தது. மில்லி கரிய பிஸ்கட் ஒன்றை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். இம்மி பிசகாமல் பொருந்தியது. பொருந்துகிறதா என்பதுதான் படிவத்தில் இருந்த கேள்வி. 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு ஃப்ரிட்ஜ் குலுங்காத நேரத்திலும் அவள் குலுங்கிக்கொண்டே படுத்திருந்தாள்.

நான்கு நாள் இப்படிப் போனது. கடைகளிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. ஒரு கடைக்காரர், இதை அடுப்பில் போட்டால் எவ்வளவு நேரம் எரியும் என்று மரியாதையாகக் கேட்டு எழுதியிருந்தார். மேலாளர் அந்தக் கடிதத்தை 'வாடிக்கையாளர் ஆர்வம்' என்ற கோப்பில் சேர்த்தார்.

ஐந்தாம் நாள் மில்லி சான்றிதழின் நகலை மடித்து எடுத்துக்கொண்டு, வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனாள். பட்டியலில் பெயர் இல்லாததால் காவலாளி பாதரசத்தை உள்ளே விடுவதில்லை. அவர் பெஞ்சில் பெட்டியை உட்கார வைத்து, தான் நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

"நான் தடை செய்யப்பட்ட ஆளு. என்கிட்ட டிகிரியைப் பத்திப் பேசாத தங்கச்சி. உன்னையும் தூக்கிடுவாங்க."

"இதை மட்டும் பாருங்கண்ணே."

பாதரசம் முதல் பக்கத்தைத் திருப்பினார், இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார், விறுவிறுவென்று பதினொன்றுக்கு வந்து நின்றார். அந்தச் சான்றிதழை முத்திரைக்காக அல்லாமல் வெப்பத்துக்காகப் பார்த்த இரண்டாவது ஆள் அவர்தான்.

"நல்லாத்தான் அளந்திருக்கானுங்க," என்றார். "அளவுல குத்தம் இல்ல. கம்பியை வெளிய இழுத்தாங்களா?"

"நம்பர் பாக்க இழுத்தாங்க."

"திரும்ப முழுசா தள்ளியிருக்க மாட்டாங்க. பாதியில நிக்குது. முனை சூட்டுக்குப் போகல, சுவரோரக் குளிர்ச்சியில உக்காந்திருக்கு. அடுப்பு என்ன பண்ணும் பாவம்? இன்னும் சூடு பத்தலன்னு எரிச்சுக்கிட்டே இருக்கும். நாலு விரக்கடை உள்ள தள்ளு, போதும்."

"நான் தொடக் கூடாதுண்ணே. சீல் வச்சிருக்கு. தொட்டா இன்னொரு மஞ்சள் தாள்."

"அப்போ தொடாத."

"தொடலன்னா பிஸ்கட்டு?"

"கருகும்." பாதரசம் டீ டம்ளரை வைத்தார். "இந்த சீல், தாள் விஷயத்துல எனக்கு ஏதாவது தெரியும்னு நினைக்கறியா? எனக்கு சூடு மட்டும்தான் தெரியும்."

மில்லி திரும்பி நடந்தாள். இருபத்தாறாம் தேதி. மாடி அறையின் ஜன்னல் அவள் கண்ணில் வந்து வந்து போனது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் இரண்டு நாளில் மஞ்சள் தாள்கள் மூடப்படும், நான்கு நாளில் கடிதம் வரும். நேராகச் சோதனைக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று கால்களிடம் சொன்னாள். கால்கள் அடுப்புப் பகுதிக்குப் போயின.

"அக்கா, கொஞ்சம் மறைச்சுக்கோங்க."

அடுப்பு அக்கா ஏன் என்று கேட்கவில்லை. அகலமாக நின்றாள். அது அவளுக்குச் சுலபம். மில்லி கனத்த கையுறையை மாட்டி, சீல் நூலை அவிழ்த்து, கம்பியை நான்கு விரல் உள்ளே தள்ளினாள். மீட்டர் துள்ளி 231 காட்டியது. அடுப்பு பதறிப்போய் நெருப்பைக் குறைத்துக்கொண்டது. எண் மெல்ல இறங்கி இருநூறில் நின்றது.

அடுத்த தட்டு பொன்னாக வந்தது.

அக்கா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முகக்கவசத்தை ஒரு விரல் அளவுக்குத் தூக்கினாள். கண்ணை மூடினாள். "சட்டவிரோதமா மோந்துட்டேன்டி," என்றாள். "அருமையா இருக்கு."

ஆனால் பொன்னிறம் அட்டையோடு பொருந்தவில்லை. அன்றைக்கும் மறுநாளும் வெந்த அத்தனை பெட்டிகளும் 'நிறம் போதாது' என்று நிராகரிக்கப்பட்டன. எழுதியவள் மில்லிதான், படிவத்தில் கேள்வி அப்படி. மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தணிக்கைக்கு ஒரு நாள் இருக்கறப்ப பிஸ்கட் சரியாயிடுச்சே! யார் பண்ண வேலை இது?"

இருபத்தெட்டாம் தேதி தணிக்கையாளர் வந்தார். கூட்ட அறையில் தோளைக் கட்டிக்கொண்டு எல்லோரும் அமர்ந்தார்கள். மேசையில் டீயும், தேர்ச்சி பெற்ற பிஸ்கட்டும். தணிக்கையாளர் சான்றிதழைச் சாய்த்துப் பார்த்து வானவில்லை ரசித்தார். ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். மிச்சத்தைச் சாசருக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

சுவரோரத் தள்ளுவண்டியில் நிராகரிக்கப்பட்ட தட்டு ஒன்று, 'அழிக்கவும்' என்ற சீட்டோடு நின்றிருந்தது. தணிக்கையாளரின் கை அதை நோக்கி நீண்டது.

"சார், அது ரிஜெக்ட்!" என்றார் மேலாளர்.

"தெரியும். அதான் எவ்வளவு மோசம்னு பரிசோதிக்கறேன்." ஒன்றைச் சாப்பிட்டார். "மாதிரி எண்ணிக்கை பத்தாது," என்று இன்னும் நான்கை எடுத்தார். பதினோராவது பிஸ்கட்டில், "இது எப்படி நடந்துது?" என்று கேட்டார்.

 மில்லி எழுந்தாள். குளிரில் அவள் நடுங்குகிறாளா, பயத்தில் நடுங்குகிறாளா என்பதை அளக்க அங்கே கருவி இல்லை.

"நான்தான் சார் கம்பியை உள்ள தள்ளினேன். அது பாதியில நின்னுது. அதான் முப்பத்தொரு டிகிரி தப்பு. இப்போ தப்பு இல்ல. மூணுதான் இருக்கும்."

அவள் வாழ்நாளில் ஒரே நேரத்தில் இவ்வளவு பேசியதில்லை. மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். பணியாளர் அதிகாரி புதிய தகுதிகாண் படிவத்தை எடுத்தார்.

தணிக்கையாளர் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "இதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு. அடுப்புல முப்பத்தொண்ணு புள்ளி நாலு பிழை இருக்குன்னு சான்றிதழ் சொல்லுது. இப்போ அடுப்புல அந்தப் பிழை இல்ல. முத்திரை வாங்கின சான்றிதழ் பொய் சொல்லாது. அப்போ அடுப்புதான் பொய் சொல்லுது."

"கம்பியை மறுபடி வெளிய இழுத்துடறோம் சார்," என்றார் மேலாளர்.

"இழுத்தா பிஸ்கட்டு?" தணிக்கையாளர் சாசருக்குப் பின்னால் இருந்ததைக் கவலையோடு பார்த்தார். பிறகு தள்ளுவண்டியைப் பார்த்தார். ஒரு முடிவுக்கு வந்தார். "பிழை இருக்கறது தப்பே இல்ல. எல்லா அளவுலயும் பிழை உண்டு. தெரிஞ்ச பிழைக்குப் பக்கத்துல ஒரு திருத்தத்தை எழுதி வச்சுட்டா விதிக்குப் போதும். உங்ககிட்ட பிழை இருக்கு, அங்கீகாரத்தோட. திருத்தம் எங்க?"

மூவரும் யோசித்தார்கள். பிறகு நான்கு பேரும் மில்லியைப் பார்த்தார்கள்.

"இந்தப் பொண்ணுதான் திருத்தம்," என்றார் தணிக்கையாளர். "பதிவுல ஏத்துங்க. மதிப்பு: கழித்தல் முப்பத்தொண்ணு புள்ளி நாலு."

"சார், இவங்க தகுதிகாண்..." என்றார் பணியாளர் அதிகாரி.

"தற்காலிகத் திருத்தமா? இன்னிக்கு இருந்து நாளைக்கு இல்லாம போனா அதுக்குப் பேரு திருத்தமா? அப்படி விட்டீங்கன்னா நான் எழுதுவேன்."

பணியாளர் அதிகாரி கையிலிருந்த படிவத்தை அவசரமாகக் கிழித்தார்.

மற்றவை மளமளவென்று நடந்தன. மூ-1 கருவிக்கு நீல ஸ்டிக்கர் வழங்கப்பட்டது: 'தகவலுக்கு மட்டும்'. அடுப்பு அக்கா இனி மோப்பம் பிடிக்கலாம்; யாரும் நம்ப வேண்டியதில்லை. பழைய நிற அட்டை 'புதிய அட்டை' என்ற பெயரில் சுவருக்குத் திரும்பியது. சப்ளையருக்கு முறையான அங்கீகாரம் தேவையா என்ற கேள்விக்கு, 'கட்டாயமில்லை. ஆனால் இல்லாமல் முடியாது' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இரண்டு மஞ்சள் தாள்களும் மூடப்பட்டன. தணிக்கையாளர் மேலும் பரிசோதிக்க இரண்டு பெட்டி நிராகரிப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். படியிறங்கும்போது மில்லியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எங்க வீட்டு எலக்ட்ரிக் அடுப்புல கேக் ஒரு பக்கம் கருகுது, ஒரு பக்கம் வேகல. அந்தப் பாதரசம் நம்பர் இருக்கா?"

"இருக்கு சார். ஆனா அவருக்கு அக்ரெடிட்டேஷன்..."

"வீட்டுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? வீட்டுல நாம சாப்பிடணும்ல."

முப்பதாம் தேதி மாலை மில்லி தெருக்கோடி வீட்டுக்குப் போனாள். வீட்டுக்கார அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, கடிதத்தை விரித்தாள். முத்திரையைத் தடவிப் பார்த்தாள். 'நிரந்தர' என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்தாள். விரல் அடுத்த வார்த்தைக்கு நகர்ந்து அங்கேயே நின்றது.

"பதவி: நிரந்தரத் திருத்தம். அப்படின்னா என்ன வேலை கண்ணு?"

மில்லிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "காலைல ஒரு கம்பியை உள்ள தள்ளணும்மா. சாயங்காலம் வெளிய இழுத்து வச்சுட்டு வரணும்."

"எதுக்கு வெளிய இழுக்கணும்?"

"சான்றிதழ் அப்படித்தான் சொல்லுது."

"மறுநாள்?"

"மறுபடி தள்ளணும்."

வீட்டுக்கார அம்மா கடிதத்தை மடித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். இடுப்பிலிருந்த சாவிக் கொத்தில் மாடி அறைச் சாவியைத் தேடிப் பிடித்து உருவினாள்.

"எங்க வீட்டுக்காரரும் முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸ்ல இதைத்தான் பண்ணாரு," என்று அதை மில்லியின் உள்ளங்கையில் வைத்தாள். "இன்னிக்கும் பென்ஷன் வருது. நல்ல வேலைம்மா, விட்டுடாத."